முழங்கால் அருகே எலும்புப் புற்றுநோய்: காலைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயதில் இடது முழங்காலுக்கு மேலே வீக்கம் வந்தது. கபடி ஆடுகிற பையன், எங்கேயோ அடிபட்டிருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு மாதம் எண்ணெய் போட்டு உருவினோம். அப்புறம் கட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். இன்று அவன் தொடை எலும்பின் கீழ்ப்பகுதி உலோகம். நடக்கிறான், பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறான். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, அதே மாதிரி ஒரு எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்காக வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் பிள்ளையைப் பார்க்கும் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

காலைக் காப்பாற்றும் வேலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. முதல் இரண்டு வாரத்தில் அந்த முழங்காலை யார் தொட்டார்கள் என்பது பிறகு நடக்கும் எல்லாவற்றையும் பாதிக்கும். அதனால் ஆரம்பப் படிகளைப் பற்றித்தான் அதிகமாக எழுதியிருக்கிறேன்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

முழங்காலைச் சுற்றி வரும் எலும்புப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஆஸ்டியோசார்கோமா. பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள், பிள்ளைகள் கிடுகிடுவென உயரும் பருவத்தில்தான் பெரும்பாலும் வரும். வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முழங்காலை ஒட்டித்தான்: தொடை எலும்பின் கீழ்முனை, அல்லது கீழ்க்கால் எலும்பின் மேல்முனை. யூவிங் சார்கோமா, காண்ட்ரோசார்கோமா என்று வேறு வகைகளும் உண்டு. ஜெயன்ட் செல் ட்யூமர் என்று ஒன்று இருக்கிறது. அது புற்றுநோய் இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் பயமுறுத்தும். எந்த வகை என்று தெரியாமல் யாரும் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்கால் வலிப்பது சகஜம். எல்லா வலிக்கும் பதற வேண்டியதில்லை. ஒரே காலில், ஒரே இடத்தில், இரண்டு மூன்று வாரமாக வலி, ஓய்வு எடுத்தாலும் குறையவில்லை, தூக்கத்தில் எழுப்புகிறது, கையால் தொட்டால் கல் மாதிரி வீக்கம், நொண்டி நடக்கிறான் என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான் என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். எங்கள் பையனும் அப்படித்தான் இருந்தான்.

கீழே விழுந்ததால் இந்த நோய் வராது. விழுந்ததால் அந்தக் கால் நம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். “அன்னைக்கு அவனை விளையாட விட்டிருக்கக் கூடாது” என்று அக்கா பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிச் சொன்னால் உடனே திருத்துங்கள். அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் நிற்க முடியாது.

எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து

உருவுவதை நிறுத்துங்கள். மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது, சூடான ஒத்தடம், மூட்டில் நீர் எடுக்கிறேன் என்று ஊசி குத்துவது, வலிக்கு மூட்டுக்குள் ஊசி போடுவது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கட்டி இருக்கும் எலும்பு உள்ளே அரித்துப்போய் வலுவிழந்திருக்கும். சின்ன அழுத்தத்திலும் முறியலாம். முறிந்தால் கட்டியின் ரத்தம் சுற்றியிருக்கும் சதைக்குள் கசியும், வெட்டி எடுக்க வேண்டிய பகுதி பெரிதாகும். முறிந்தாலே கால் போய்விடும் என்று அர்த்தம் இல்லை, ஆனால் வேலை கடினமாகிவிடும். அன்றைக்கே கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல் ஒரு ஜோடி வாங்கி, அந்தக் காலில் பாரம் போடாமல் நடக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் படி ஏறி இறங்குவது கூட வேண்டாம்.

எண்ணெய் உருவிய மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தெரியாமல் செய்தோம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

சரியான ஆஸ்பத்திரி

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யும் எல்லா எலும்பு டாக்டரும் இதைச் செய்ய முடியாது. எலும்புப் புற்றுநோய்க்கென்றே பயின்ற அறுவை நிபுணர், கீமோ கொடுக்கும் புற்றுநோய் டாக்டர், எலும்புக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய நோயியல் நிபுணர், ஸ்கேன் படிப்பவர், பிசியோதெரபிஸ்ட், இவர்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடம் வேண்டும். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் மும்பை டாட்டா மெமோரியல் ஆகியவை புற்றுநோய்க்கு எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போனாலும் தவறில்லை. அங்கிருந்து சரியான இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இந்த மாதிரி முழங்கால் கேஸ் வருடத்துக்கு எத்தனை பார்க்கிறீர்கள்?” கேட்கத் தயங்காதீர்கள். நிறையப் பார்க்கிற டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சென்னைக்கு இதில் தனி இடம் உண்டு. எலும்பை எடுத்த இடத்தில் வைக்கும் பெரிய உலோக மூட்டுக்கு மெகா புரோஸ்தஸிஸ் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்காக அதை உள்நாட்டிலேயே அளவெடுத்துச் செய்து பொருத்தும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சென்னை எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராஜன். 2007-இல் பத்மஸ்ரீ பெற்றவர். இன்று காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கூலித்தொழிலாளியின் பிள்ளைக்கும் இந்த ஆபரேஷன் நடக்கிறதென்றால் அதற்குப் பின்னால் இப்படிப் பலருடைய உழைப்பு இருக்கிறது.

ஸ்கேன்கள் முதலில், பயாப்ஸி பிறகு

இந்த வரிசை முக்கியம். முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முழங்கால் மட்டும் போதாது, அந்த எலும்பு முழுவதும் தெரிய வேண்டும். ஒரே எலும்பில் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளியாகக் கட்டி இருப்பதுண்டு. முழங்கால் எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்துக்கொண்டு போய், பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி எடுக்கச் சொல்லி இரண்டாவது முறை பணம் கட்டியவர்களை நிறையப் பார்த்தேன். பயாப்ஸி என்றால் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது. அதற்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஊசி போன இடத்து ரத்தக்கட்டும் வீக்கமும் படத்தைக் குழப்பும்.

அடுத்து நெஞ்சு சி.டி. இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். மற்ற எலும்புகளைப் பார்க்க போன் ஸ்கேன் அல்லது பெட் சி.டி. ரத்தத்தில் ஏ.எல்.பி., எல்.டி.எச். என்ற அளவுகளைப் பார்ப்பார்கள். இவற்றோடு எக்கோ (இதய ஸ்கேன்), கிட்னிப் பரிசோதனை, காது கேட்கும் திறன் பரிசோதனை என்று எழுதுவார்கள். கால் வலிக்கு எதற்குக் காது டெஸ்ட் என்று நாங்களும் முழித்தோம். கீமோ மருந்துகளில் ஒன்று இதயத்தையும் இன்னொன்று காதையும் கிட்னியையும் பாதிக்கக்கூடியவை. முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

பயாப்ஸி பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். “ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும்” என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். பயாப்ஸி இல்லாமல் சிகிச்சையே கிடையாது. முறையாகச் செய்த பயாப்ஸியால் பயம் இல்லை. ஆனால் தப்பான இடத்தில், தப்பான திசையில் செய்த பயாப்ஸியால் நிஜமாகவே கால் போகலாம். ஊசி அல்லது கத்தி போன பாதை முழுவதும் கட்டியின் செல்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, பெரிய ஆபரேஷனில் அந்தத் தோலையும் பாதையையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். பாதை, பின்னால் போடப்போகும் நீளக் கீறலின் கோட்டிலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. யாரோ ஒருவர் குறுக்கே கீறியிருந்தால், அல்லது முழங்காலின் பின்பக்கம் ரத்தக்குழாய் ஓடும் இடத்தில் குத்தியிருந்தால், எடுக்க வேண்டிய சதை பல மடங்காகும்.

அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹென்றி மான்கின் 1982-இல் 329 நோயாளிகளின் பயாப்ஸிகளை ஆராய்ந்து எழுதினார். அவர்களில் 15 பேருக்கு, பயாப்ஸியில் நடந்த சிக்கலால் மட்டுமே, தேவையில்லாமல் கையையோ காலையோ எடுக்க நேர்ந்திருந்தது. கடைசிவரை சிகிச்சை தரும் மையத்தில் செய்யாமல் வேறு இடத்தில் செய்து அனுப்பியபோதுதான் தவறுகள் பல மடங்கு அதிகம்.

அதனால், பெரிய ஆபரேஷனைச் செய்யப்போகும் குழுவே பயாப்ஸியும் செய்ய வேண்டும். கெட்டியான ஊசியால் சின்னத் துணுக்கு எடுப்பதே பெரும்பாலும் போதும். ஊரில் ஒருவர் “இங்கேயே எடுத்துடலாம், ரெண்டு நாள்ல ரிசல்ட்” என்று சொன்னால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கேன்களோடு கிளம்புங்கள். ஏற்கெனவே வேறு இடத்தில் செய்துவிட்டீர்களா? மனம் தளராதீர்கள். ஸ்லைடுகளையும், எடுத்த துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டையும் (பிளாக் என்று கேட்டால் கொடுப்பார்கள்) வாங்கிக்கொண்டு போங்கள். மறுபடி பார்த்து முடிவு சொல்வார்கள்.

பணமும் காகிதங்களும்

ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒருவர் பிள்ளையோடு இருக்க, இன்னொருவர் இந்த வேலையைப் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிவு நடக்கும். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் காப்பீட்டு கவுன்டரில் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: கீமோ, ஆபரேஷன், உலோக மூட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அனுமதி, மீதி நாம் எவ்வளவு போட வேண்டும்? மூட்டின் விலைதான் எதிர்பாராமல் இடிக்கும். உள்நாட்டு மூட்டுக்கும் வெளிநாட்டு மூட்டுக்கும் பல மடங்கு வித்தியாசம்.

புற்றுநோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், துணைக்கு முக்கால் பங்கு குறைவு. ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். வேலை நேரத்தில் டாக்டரைத் தேடி ஓடாமல், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அடுத்த முறைக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஒரு ஃபைல் போடுங்கள். எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கோத்து, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். ராத்திரி அவசரமாக உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தபோது எங்களைக் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான்.

கீமோ: ஏன் ஆபரேஷனுக்கு முன்னால்

“கட்டியை உடனே வெட்டி எறியாமல் இரண்டு மூன்று மாதம் ஏன் காத்திருக்கிறார்கள்?” எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி. ஆஸ்டியோசார்கோமா கண்டுபிடிக்கும்போதே, ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் செல்கள் பெரும்பாலும் ரத்தத்தில் கிளம்பியிருக்கும். கீமோ இல்லாத காலத்தில் காலையே எடுத்தாலும் ஐந்து பேரில் நான்கு பேருக்கு நோய் நுரையீரலில் திரும்ப வந்தது. 1970-களில் கீமோ வந்த பிறகு இது மாறியது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977-இல் பதினெட்டு வயதில் இதே நோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தார். செயற்கைக் காலோடு 1980-இல் 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். நோய் நுரையீரலுக்கு வந்து அடுத்த வருடம் இறந்தார். இப்போது வேறெங்கும் பரவாத நிலையில் கண்டுபிடித்து முழு சிகிச்சையும் எடுக்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு ஏழு பேர் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள்.

முன்னாலேயே கீமோ கொடுக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. நியூயார்க்கில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக அளவெடுத்து மூட்டு செய்து வர மாதக்கணக்கில் ஆகும். அந்த நாட்களை வீணாக்க வேண்டாம் என்று புற்றுநோய் டாக்டர் ஜெரால்ட் ரோசன் குழுவினர் அதற்குள் கீமோவைத் தொடங்கினார்கள். அதில் இன்னொரு பலன் கிடைத்தது: வெட்டி எடுத்த எலும்பைப் பார்த்து மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது. இன்றும் ஆபரேஷன் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு வரும். 90 சதவீதமோ அதற்கு மேலோ செல்கள் செத்திருந்தால் நல்ல பலன் என்பார்கள். குறைந்தால் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சிஸ்பிளாட்டின், டாக்சோரூபிசின், மெத்தோட்ரெக்ஸேட் மூன்றும் உலகமெங்கும் தரும் சேர்க்கை. நம் நாட்டில் சில மையங்களில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பதிலாக ஐஃபாஸ்ஃபமைட் தருகிறார்கள். டாக்சோரூபிசின் சிவப்பு நிறம். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் ஏறும் நாட்களில் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ வேறு மருந்தோ எதுவும் தரக் கூடாது, நாட்டு மருந்தும் சேர்த்துத்தான்.

மருந்தைவிட முக்கியமான ஒன்று: தெர்மாமீட்டர். கீமோ முடிந்து பத்து நாள் சுமாருக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு குறையும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. விடியட்டும் என்று காத்திருக்காமல், பாராசிட்டமால் கொடுத்து மறைக்காமல், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். “கீமோ நடக்கிறது, கவுன்ட் குறைந்திருக்கும்” என்ற இரண்டு வாக்கியத்தை வாசலிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வயதுக்கு வந்த பையன் என்றால் கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்க முடியும். பெண் பிள்ளைகளுக்கும் என்ன வழி என்று டாக்டர் சொல்வார். கீமோ தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டோம்.

கால் நிற்குமா?

கீமோவின் முதல் பகுதி முடிந்ததும் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து முடிவு சொல்வார்கள். கட்டியைச் சுற்றி நல்ல சதை ஒரு போர்வை மாதிரி ஒட்டி வரும்படி, கட்டியைத் தொடாமல் முழுதாக எடுக்க முடியுமா? முழங்காலுக்குப் பின்னால் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் தப்புமா? எடுத்த பிறகு மூட்டை மூட, மடக்கி நீட்ட, போதுமான சதை மிஞ்சுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் காலைக் காப்பாற்றலாம். இன்று பெரும்பாலோருக்கு முடிகிறது. ஓரம் சுத்தமாக எடுக்கப்பட்டால், காலை எடுத்தவர்களுக்கும் காப்பாற்றியவர்களுக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை.

சில பிள்ளைகளுக்கு டாக்டர் “எடுத்துவிடுவதே நல்லது” என்பார். அதைத் தோல்வியாகப் பார்க்காதீர்கள். உயிர் முதலில். எங்கள் வார்டில் காலை எடுத்த ஒரு பெண், செயற்கைக் காலோடு எங்கள் பையனுக்கு முன்பாகவே மாடிப்படி ஏறினாள். சின்னக் குழந்தைகளுக்கு ரொட்டேஷன்பிளாஸ்டி என்று ஒரு வழி உண்டு: முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பின்பக்கமாகத் திருப்பி மேலே பொருத்தி, கணுக்காலையே முழங்காலாக வேலை செய்ய வைப்பது. பார்க்க மனசு கஷ்டப்படும். ஆனால் அந்தக் குழந்தை செயற்கைக் காலோடு ஓட முடியும், குதிக்க முடியும், இரும்பு தேயும் கவலையும் இல்லை. எடுத்த எலும்பிலிருந்து கட்டியைச் சுரண்டி, ஒரே தவணையில் அதிகக் கதிர்வீச்சு கொடுத்துச் செல்களைக் கொன்று, அதே எலும்பைத் திரும்ப வைக்கும் முறையும் நம் நாட்டில் சில மையங்களில் நடக்கிறது.

எந்த மூட்டு

பெரும்பாலும் கிடைப்பது மெகா புரோஸ்தஸிஸ்தான். தொடை எலும்பின் கீழ்ப்பகுதிக்குப் பதிலாக டைட்டானியமோ கோபால்ட் குரோமியமோ கலந்த உலோகத் துண்டு, அதன் தண்டு மேலே மிஞ்சிய எலும்பின் உள்குழாயில் இறங்கும், கீழே கதவுக் கீல் மாதிரி மடங்கி கொஞ்சம் சுழலவும் செய்யும் மூட்டு. பொதுவாக எலும்பு சிமென்ட் போட்டு இறுக்குவார்கள். அளவெடுத்துச் செய்து தரும் வகை உண்டு; துண்டு துண்டாக இருந்து தியேட்டரிலேயே தேவையான நீளத்துக்குச் சேர்க்கும் வகையும் உண்டு. அளவெடுத்துச் செய்வதென்றால் ஆர்டர் போன தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். மூட்டு வராததால் ஆபரேஷன் தள்ளிப் போகக் கூடாது.

வளரும் பிள்ளை என்றால் கணக்கு வேறு. தொடை எலும்பின் கீழ்முனை மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும், கீழ்க்கால் எலும்பின் மேல்முனை 6 மில்லிமீட்டர் அளவுக்கு. எலும்பு முனையில் வளர்ச்சி நடக்கும் அந்த இடம் (வளர்தட்டு) போய்விட்டால் மற்றக் கால் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பெண்களுக்குப் பதினான்கு, பையன்களுக்குப் பதினாறு வயதுவாக்கில் இந்த வளர்ச்சி நிற்கும். எங்கள் பதினைந்து வயதுப் பையனுக்கு 1 சென்டிமீட்டர் கூடுதலாக வைத்தே சமாளித்தார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது போதாது. நீட்டிக்கக்கூடிய மூட்டு வேண்டியிருக்கும். சின்னக் கீறல் போட்டு திருகைத் திருப்பி நீட்டுவது ஒன்று, வெளியிலிருந்து காந்த விசையால் வலியில்லாமல் நீட்டுவது இன்னொன்று. இரண்டாவது மிக விலை அதிகம்.

ஆபரேஷனும் முதல் வாரங்களும்

பல் சொத்தை, காலில் சிரங்கு, நகச்சுத்தி எது இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சரி செய்துகொள்ளுங்கள். ரத்தம் கொடுக்க நான்கு பேரைத் தயாராக வையுங்கள்.

கட்டி கீழ்க்கால் எலும்பில் இருந்தால் சிரமம் கொஞ்சம் கூடுதல். முட்டிச் சில்லிலிருந்து இறங்கும் தசைநார் அந்த எலும்பில்தான் ஒட்டியிருக்கும். அதை உலோகத்தோடு இணைத்துத் தைக்க வேண்டும். மூட்டை மூட கெண்டைக்கால் சதையை முன்னால் திருப்பி வைப்பார்கள். அது ஒட்டும்வரை ஆறு வாரம் சுமாருக்குக் காலை மடக்க விட மாட்டார்கள். தொடை எலும்பு என்றால் சில நாட்களிலேயே மடக்கச் சொல்வார்கள். இரண்டு கேஸையும் ஒப்பிட்டு “அந்தப் பையன் மடக்குறான், நம்ம பையன் மடக்கலையே” என்று கவலைப்படாதீர்கள். முதல் நாளே பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நரம்பு அழுந்தியிருக்கலாம்.

காயம் ஆறியதும் மீதிக் கீமோ தொடங்கும். மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் இருப்பது நல்லது. இந்தக் கட்டத்தில்தான் நிறையக் குடும்பங்கள் “கட்டியை எடுத்தாச்சே” என்று ஊருக்குப் போய்விடுகின்றன. போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத செல்களுக்கான மருந்து இன்னும் பாக்கி இருக்கிறது.

நடக்கப் பழகுவது

படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது. இதுதான் முதல் பயிற்சி, கடைசி வரைக்குமான பயிற்சியும் இதுவே. மூட்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதை நீட்டுவது தசைதான். கீமோ வாந்தியோடு படுத்திருக்கும் பிள்ளையிடம் பயிற்சி செய் என்று சொல்ல மனம் வராது. எங்கள் அம்மா, அவனுக்குப் பாட்டி, டி.வி.யில் விளம்பரம் வரும்போதெல்லாம் “பத்து தடவை ராசா” என்பார். அப்படித்தான் அவன் தொடை திரும்ப வந்தது. வாக்கர், பிறகு ஊன்றுகோல், பிறகு ஒரு கையில் குச்சி என்று மாதக்கணக்கில் போகும். 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் நாற்காலி, பஸ் சீட், படி எல்லாம் சமாளிக்கலாம்.

வீட்டை மாற்ற வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. சம்மணம் போட்டு உட்காருவதும் குந்துவதும் இனி இல்லை. பந்தியில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். ஓட்டம், குதிப்பது, கபடி, கால்பந்து வேண்டாம். காயம் நன்றாக ஆறிய பிறகு நீச்சலும் சைக்கிளும் டாக்டர் சொன்னால் சரி. கபடி இல்லை என்பதை அவனிடம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லுங்கள். நாங்கள் மறைத்தோம், பிறகு தெரிந்தபோது அவன் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

கூடவே இருக்கும் இரண்டு கவலைகள்

ஒன்று, கிருமி. இந்த ஆபரேஷனில் தொற்று அபூர்வமான விஷயம் இல்லை. 2022-இல் வெளியான பாரிட்டி என்ற ஆய்வு, கால் எலும்புக் கட்டிக்கு இப்படி மூட்டு வைத்த 604 பேரைப் பின்தொடர்ந்தது. ஆன்டிபயாடிக் ஒரு நாள் கொடுத்தாலும் ஐந்து நாள் கொடுத்தாலும், ஒரு வருடத்துக்குள் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பதினேழு பேருக்குத் தொற்று வந்தது. வருடங்கள் கழித்தும் வரலாம். மூட்டுப் பக்கம் சூடு, புதிய வீக்கம், தழும்பில் ஈரம், காரணமில்லாத காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அது கிருமியை மறைத்துவிடும், பிறகு எது என்று கண்டுபிடிக்க முடியாது. நேராக ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். சீக்கிரம் போனால் கழுவிச் சுத்தம் செய்தே மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பல் டாக்டரிடமும், வேறு எந்த டாக்டரிடமும், காலில் மூட்டு இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது, தேய்மானம். கீலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு தேயும், தண்டு எலும்பில் தளரும், எப்போதாவது உலோகமே முறியும். பதினைந்து வயதில் வைத்த மூட்டு வாழ்நாள் முழுவதும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்னொரு ஆபரேஷன் வரும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடக்கும்போது புதிதாக “டக்” சத்தம், காலை ஊன்றினால் தொடையில் வலி இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள்.

செக்கப் பொதுவாக முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம். கால் எக்ஸ்ரேயோடு நெஞ்சையும் பார்ப்பார்கள். நுரையீரலில் ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தாலும் ஆபரேஷனால் எடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் ஒரு தேதியைக் கூட விடாதீர்கள். சிகிச்சை முடிந்ததும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பஸ்ஸிலும் தேர்விலும் உதவும். ஏர்போர்ட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தும், டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, மூட்டின் பெயரும் எண்ணும் ஒட்டிய ஸ்டிக்கரின் நகலோடு அவன் பர்ஸிலேயே வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து மூட்டை மாற்ற வரும் டாக்டர் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரைத்தான்.